சொல் நமது, படகு யாருடையது?

எந்த ஆங்கில அகராதியிலும் ‘கேட்டமரான்’ என்ற சொல்லைப் புரட்டிப் பாருங்கள். இணையாக ஓடும் இரண்டு உடல்களை ஒரு தளத்தால் பிணைத்துக் கட்டிய படகு என்று பொருள் இருக்கும். பிறப்பைச் சொல்லும் இடத்தில் தமிழ், கட்டுமரம் என்று இருக்கும். இரண்டும் சரி. ஆனால் இந்த இரண்டு உண்மைகளையும் அவசரமாகக் கூட்டி, உலகமெங்கும் விரைந்தோடும் இரட்டை உடல் படகுகளைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்களே என்ற முடிவுக்கு நம்மில் பலர் வந்துவிடுகிறோம். மேடைகளில் அது முழங்குகிறது, மலர்க் கட்டுரைகளில் அச்சாகிறது. சோழர் படை கட்டுமரங்களில் ஏறித்தான் கடாரம் கொண்டது என்றுகூடச் சொல்கிறார்கள். இந்தத் தூத்துக்குடியில், கடலையே முற்றமாகக் கொண்டவர்கள் முன்னால், இதை மறுத்துப் பேச வந்திருக்கிறேன். கேட்டமரான் என்ற சொல் முழுக்க முழுக்க நம்முடையது. அந்தச் சொல் இன்று குறிக்கும் படகு நம்முடையது அல்ல. இதை ஒத்துக்கொள்வதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. ஒத்துக்கொள்ள மறுப்பதால்தான் உண்மையான கட்டுமரத்தின் அருமை நம் கண்ணிலிருந்து மறைகிறது.

முதலில் கட்டுமரம் என்ன என்பதைப் பார்ப்போம். கடற்கரையில் அதை யாரும் கட்டுமரம் என்று முழுதாகச் சொல்வதில்லை, ‘மரம்’ என்றாலே போதும். மூன்று, நான்கு, சில ஊர்களில் ஐந்து கட்டைகள். அல்பீசியா, முள்முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களை மலையடிவாரங்களிலிருந்து வாங்கிவந்து வாச்சியால் செதுக்குவார்கள். நடுக்கட்டை தாழ்ந்து கிடக்கும், ஓரக்கட்டைகள் சற்று உயர்ந்து நிற்கும். அணியம் கூராகி மேல்நோக்கி வளையும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். உடலைப் பிடித்துவைக்க ஆணி கிடையாது. பலகை கிடையாது, பலகைகளின் இடுக்கை அடைக்கும் வேலையும் கிடையாது. கட்டைகளுக்கு இடையே தண்ணீர் ஏறும், ஏறிய வழியே வடியும். தண்ணீரை வெளியே தள்ளி உள்ளே காற்றை வைத்துக்கொள்ளும் குடைவான உடல்தான் படகு என்றால், கட்டுமரம் படகே அல்ல. மரத்தின் மிதக்கும் தன்மை ஒன்றையே நம்பி அலைமேல் போகும் மிதவை அது. நிரம்பி மூழ்க அதில் பள்ளமே இல்லை. கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் ஏற்றிக் காயவிடுவார்கள், நீர் ஊறிய கட்டை கனத்துப் போகும் என்பதால். மறுநாள் மறுபடி கட்டு. பெயரில் ‘கட்டு’ முன்னால் நிற்பதற்கு அந்தத் தினசரி வேலையே போதுமான விளக்கம்.

இந்த அமைப்புக்குக் காரணம் கரைதான். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, உவரி என்று போகப் போக அலை நேராக வந்து மணலில் உடைகிறது. சோழமண்டலக் கரையிலும் அப்படியே. உடையும் அலையில் பலகைப் படகு திரும்பினால் நொறுங்கும், நிறைந்தால் அமிழும். கட்டுமரம் அந்த அலையை ஊடுருவிப் போகும். தூத்துக்குடியின் நிலை வேறு. வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி என்ற தீவுகள் எதிரே நிற்கின்றன, உள்ளே ஆழமில்லாத அமைதியான நீர். ஆகவே இந்தத் துறையின் கலங்கள் வள்ளமும் தோணியும். பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கு முழுவதும் தோணியிலேயே ஏறி இறங்கியது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலும் அதுதான் நடைமுறை. இன்றைய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமானது. முத்துக்குளிப்பும் பலகைக் கலங்களிலிருந்தே நடந்தது. குளிப்பவர்கள், கயிறு பிடிப்பவர்கள், குளிகல், அள்ளிய சிப்பிக் குவியல் அத்தனையையும் கட்டைகள்மேல் வைக்க முடியாது. முத்துக்கரைக்கும் கட்டுமரக் கரைக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது. தமிழன் ஒரே கலத்தை எங்கும் ஓட்டினான் என்ற எண்ணம் இந்த எல்லையில் நின்று பார்த்தாலே உடைந்துவிடும்.

அப்படியானால் தோணியை விட்டுவிட்டு ஆங்கிலம் ஏன் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டது? தோணியும் போனதுதான், ‘டோனி’ என்ற வடிவில் பழைய துறைமுகக் கணக்குகளிலும் பயணக் குறிப்புகளிலும் கிடக்கிறது. முத்துப் படுகையைக் குறிக்கும் நம் ‘பார்’ என்ற சொல்லை மீன்வளத்துறை அறிக்கைகள் அப்படியே எழுதின. சங்கு ‘சாங்க்’ ஆயிற்று. ஆனால் இவை துறைசார்ந்த தாள்களைத் தாண்டவில்லை. பலகைப் படகுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொற்கள் ஏற்கெனவே இருந்தன. சில கட்டைகளைக் கட்டி, அதில் மண்டியிட்டு அமர்ந்து, பெருங்கடலுக்குள் பிழைப்புக்குப் போகும் மனிதரைக் குறிக்க எதுவும் இல்லை. அந்தக் காட்சியைக் கண்ட அன்னியர் ஒவ்வொருவரும் அதை எழுதிவைத்ததற்கு இதுவே காரணம். 1580-களில் இங்கே வந்த வெனீசு நகர வணிகர் காஸ்பரோ பல்பி, ஏழு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையை விவரித்து, ‘கட்டமெரோனி’ என்று காதில் விழுந்தபடி ஒரு பெயரையும் தருகிறார். கோலா மீன் பிடிக்க நாகைப் பக்கத்தில் ஓட்டிய பெரிய மரத்துக்கும் ஏழு கட்டைகள் உண்டு என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஜான் பிரையர் என்ற ஆங்கில மருத்துவர் 1673-இல் சோழமண்டலக் கரையோரம் வந்தபோது, கட்டைகளைப் பிணைத்து நடுவே பாய் ஏற்றிய மிதவைகளைக் கண்டு அதே பெயரில் எழுதினார். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் 1697-ஆம் ஆண்டு நூல், ஒருவர் மட்டும் ஏறி, கால்கள் தண்ணீரில் கிடக்கத் துடுப்புப் போடும் சிறு மிதவைக்குச் சோழமண்டலத்தில் வழங்கும் பெயர் இது என்றது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கடல் பொங்கும் நாளில் எந்தப் படகும் இறங்காது. கட்டுமரக்காரர் தன் கூம்புக் குல்லாய்க்குள் கடிதங்களை நனையாமல் பொதிந்துகொண்டு கப்பலுக்குப் போவார். கடலில் மாதக்கணக்கில் கிடந்த மாலுமிக்கு இந்த நாட்டில் முதலில் அறிமுகமான மனிதர் பெரும்பாலும் அவர்தான். அந்த மாலுமிகளின் வாய்வழியே சொல் உலகெங்கும் சென்றது.

சென்ற இடத்தில் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக்கதை. 1804-இல் நெப்போலியன் இங்கிலாந்தின்மேல் படையெடுக்க பூலோன் துறையில் கப்பல்களைக் குவித்தபோது, அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் வகுத்த திட்டப்படி ஆங்கிலக் கடற்படை வெடிமருந்து அடைத்த நீண்ட பெட்டிகளை நீர்மட்டத்தோடு மிதக்கவிட்டு ஏவியது. பெட்டிகளின் பெயர் கேட்டமரான். வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனிமேல் விறகு இழுக்கும் சறுக்குவண்டிக்கும் இதே பெயர் வந்தது. சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் வருகிறது, முன்னால் நிற்கும் ‘கேட்’ என்ற ஒலி பூனையை நினைவூட்டியதால் இருக்கலாம். நம் வாதத்துக்கு முக்கியமானது கப்பல் பழுதுபார்க்கும் துறைகளில் நடந்த மாற்றம். கப்பலின் பக்கவாட்டில் நின்று வண்ணம் பூசவும் இடுக்கு அடைக்கவும் மிதக்கும் மேடைகள் தேவைப்பட்டன. இரண்டு பெருங்கட்டைகளின்மேல் தளம் போட்டால் மேடை தயார், அதற்கும் கேட்டமரான் என்றே பெயர். கட்டிய கட்டைகளின் மிதவை என்ற பழைய பொருள் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆனால் கட்டைகள் விலகிவிட்டன, நடுவில் இடைவெளி வந்துவிட்டது. அங்கிருந்து இரட்டை உடல் படகுக்கு ஓர் அடிதான் என்று நினைக்கிறேன்.

அந்த அடியை வைத்தது ஓர் அமெரிக்கர். நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர், இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து ‘அமாரில்லிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டினார். 1876 ஜூனில், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி நியூயார்க்கில் நடந்த போட்டியில் அது மற்றப் படகுகளைப் பின்னால் விட்டுப் பறந்தது. தோற்றவர்கள் முறையிட, அது தகுதியற்றதென்று ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு ஹெரஷாஃப் காப்புரிமை பெற்றார். கேட்டமரான் என்ற பெயர் இந்த வகைப் படகுகளுக்கு நிலைத்தது. அதற்கு முன்பே, 1660-களில், வில்லியம் பெட்டி என்ற ஆங்கில அறிஞர் டப்ளினில் இரட்டை உடல் கலம் ஒன்றைக் கட்டி ஓட்டியிருக்கிறார். அவரும் மற்றவர்களும் அதை ‘இரட்டை அடி’ என்ற பொருளில் ஆங்கிலத்திலேயே அழைத்தார்கள், தமிழ்ச் சொல்லை எடுக்கவில்லை. சொல்லும் படகும் வெவ்வேறு பாதையில் வந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. படகு இருந்தபோது சொல் அதன்மேல் இல்லை. சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வேறொன்றைக் குறித்தது. இரண்டும் ஒட்டிக்கொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின.

இரட்டை உடல் கலத்தைப் பெருங்கடல் தாண்டும் அளவுக்கு வளர்த்தவர்கள் பசிபிக் தீவுகளின் மக்கள். ஹவாய், தாகிதி, தொங்கா என்று ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் கிடக்கும் தீவுகளில் குடியேற அவர்களைக் கொண்டுபோனவை அந்தக் கலங்களே. 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக் தம் கண்ணால் கண்டு வியந்து எழுதியவையும் இவைதான். ஹவாய் மொழியில் அதற்கு ‘வா கவுலுவா’ என்று பெயர், இரட்டை ஓடம் என்று பொருள். 1975-இல் அந்த முறையில் ‘ஹொகுலேயா’ என்ற கலத்தைக் கட்டி, மறு ஆண்டு திசைகாட்டிக் கருவிகள் இல்லாமல் தாகிதிவரை ஓட்டிக் காட்டினார்கள். இன்றைய கேட்டமரான் பாய்ப்படகுகளுக்கு வழிகாட்டிய ‘மானு காய்’ 1947-இல் ஹவாயில் கட்டப்பட்டது. அந்தப் பெருமையை நாம் எடுத்துக்கொண்டால், இன்னொரு கடலோர மக்களின் உழைப்பை நம் பெயரில் எழுதிக்கொள்கிறோம். நம்முடைய சொல்லை மற்றவர் தம்முடையது என்று சொன்னால் நமக்கு எப்படி வலிக்குமோ, அதே வலி அவர்களுக்கும் உண்டு.

ஆனால் சொல்லின் மேல் நமக்குள்ள உரிமை யாரும் அசைக்க முடியாதது. அது இன்னும் வேர்விட்டுக்கொண்டே இருக்கிறது. 1940-களில் மூன்று உடல் படகு ஒன்றைக் கட்டிய விக்டர் செட்செட் அதற்கு ‘ட்ரைமரான்’ என்று பெயர் வைத்தார். ஐரோப்பிய மொழிகளில் மூன்றைக் குறிக்கும் ‘ட்ரை’ முன்னால், நம் ‘மரம்’ பின்னால். ‘கேட்டா’ என்றால் இரண்டு என்று எண்ணிக்கொண்டு வெட்டினார்கள் போலும். ஆனால் வெட்டிய இடம் பாருங்கள், கட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சரியான மூட்டில் விழுந்திருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் ‘மரான்’ படகைக் குறிக்கும் ஒட்டாகவே ஆகிவிட்டது. இரவல் வாங்கிய ஒரு சொல்லின் பாதி, வாங்கிய மொழியில் புதுச்சொல் ஆக்கும் உறுப்பாவது அபூர்வம்.

இரட்டைக் கலத்துக்குத் தமிழில் சொல்லே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இரண்டு தோணிகளை அருகருகே நிறுத்தி, மேலே தளம் கட்டி, ஆற்றிலும் காயலிலும் ஆளையும் வண்டியையும் கடத்தினார்கள். அதற்குச் சங்கடம் அல்லது சங்காடம் என்று பெயர். நம் அகராதிகள் இரட்டைத்தோணி என்றே பொருள் தருகின்றன. மலையாளத்தில் அது ‘சங்ஙாடம்’. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடல் செலவு’ என்ற வணிகக் குறிப்பு, இந்தக் கரையில் ஒற்றை மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெருங்கலங்களுக்குச் ‘சங்கரா’ என்று பெயர் சொல்கிறது. அதையும் இச்சொல்லோடு இணைப்பவர்கள் உண்டு. போர்த்துக்கீசியர் மலையாளக் கரையில் சங்ஙாடத்தைக் கேட்டு ‘ஜங்காடா’ என்று வாங்கிக்கொண்டார்கள், அட்லாண்டிக்கின் அக்கரையில் பிரேசிலுக்கும் எடுத்துப்போனார்கள். அங்கே வடகிழக்குக் கரையில் பழங்குடியினர் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை ஒன்றில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் ஜங்காடா. இன்றைக்கும் அப்பெயரே வழங்குகிறது. கட்டைகளைப் பிணைத்த மிதவையைக் குறித்த நம் சொல் ஆங்கிலத்தில் இரட்டைக் கலத்துக்குப் போயிற்று. இரட்டைக் கலத்தைக் குறித்த நம் சொல் போர்த்துக்கீசிய மொழியில் கட்டைகளைப் பிணைத்த மிதவைக்குப் போயிற்று. சொல்லை வைத்துப் பொருளின் பிறப்பிடத்தை முடிவுகட்டலாம் என்றால், பிரேசில் மீனவரின் மிதவையும் கேரளத்திலிருந்து போனதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அதை யாரும் ஏற்கமாட்டோம். அதே அளவுகோலைக் கட்டுமரத்துக்கும் வைப்பதுதான் நியாயம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சங்காடம் நம்மிடம் இருந்ததே, ஆகவே இரட்டைக் கலமும் நம்முடையதே, பசிபிக் மக்கள் அதை நம்மிடமிருந்து ஏன் கற்றிருக்கக்கூடாது? ஆற்றைக் கடக்க இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டும் எண்ணம் பல நாடுகளில் தானாகத் தோன்றக்கூடியது. பாய் விரித்துப் பெருங்கடலில் ஓடும் இரட்டைக் கலம் வேறு கலை, வேறு கணக்கு. இந்தக் கலை இங்கிருந்து அங்கே போனது என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. அறிஞர்கள் சிலர் நேர்மாறான திசையையே பேசினார்கள். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றி, இந்த முத்துக்கரையையும் சங்குத் தொழிலையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில், கிழக்கிலிருந்து வந்த செல்வாக்கு இக்கரைகளில் இருப்பதாக வாதிட்டார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. குறிப்பாக, மக்களின் பூர்வீகத்தைப் படகை வைத்துக் கணிக்கும் இடங்களில் அவர் தம் சான்றுகளைத் தாண்டிப் போகிறார். ஆனால் கட்டுமரங்களை ஊர் ஊராகப் பார்த்து வகை பிரித்து எழுதிய அவர் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்த வகைகளில் ஒன்றுகூட இரட்டை உடல் கலம் அல்ல.

சோழர் கதையை நீண்டு பேச வேண்டியதில்லை. 1025-ஐ ஒட்டி நடந்த கடாரப் படையெடுப்பைச் சொல்லும் ராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ‘கலம்’ என்ற சொல்லையே ஆள்கிறது. சங்க இலக்கியம் பெருங்கலங்களுக்கு நாவாய், வங்கம் என்றும், சிறு கலங்களுக்குத் திமில், அம்பி, பஃறி என்றும் பிரித்துப் பேசுகிறது. இத்தனை சொற்களை வைத்திருந்த மக்களுக்கு எந்தக் கலம் எதற்கு என்று தெரிந்திருந்தது. தானியமும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைத் தாண்ட வேண்டிய படையை, தண்ணீர் புகுந்து வடியும் கட்டைகள்மேல் ஏற்றிவிடுவது சோழரின் கப்பற்கலையைத் தாழ்த்துவதாகும்.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு, இதற்கு ஏன் இவ்வளவு விசாரம் என்று கேட்பவர்களும் உண்டு. ஆங்கிலேயர் எதை எப்படி அழைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. என் கவலை தமிழில் நடப்பதைப் பற்றியது. ஆங்கிலச் செய்தியில் வரும் கேட்டமரானைக் கட்டுமரம் என்று திருப்பி மொழிபெயர்க்கிறோம், ஆயிரம் பேர் ஏறும் இயந்திரக் கப்பல் கட்டுமரம் ஆகிவிடுகிறது. இதே காலத்தில் உண்மையான மரம் கரையிலிருந்து மறைந்துவருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். பிழைப்புக்கு அவை நல்லவை, வேகமானவை. அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை கரையில் நிற்பவர் எவருக்கும் இல்லை. ஆனால் மரம் செதுக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. இன்னும் ஒரு தலைமுறை போனால், கட்டுமரம் என்று கேட்கும் தமிழ்க் குழந்தையின் மனத்தில் எழும் படம் ஹவாய்க் கலமாகவே இருக்கும். ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ நாவல் 2004-இல் வந்தபோது, மரத்தின் உறுப்புகளும் கடல்வேலையின் சொற்களும் அச்சில் இவ்வளவு நிறைந்திருப்பதைக் கண்டு தமிழ் வாசகர்கள் வியந்தார்கள். அகராதிகளில் தேடினால் அவற்றில் பல கிடைக்கவில்லை. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் தெரியும். அந்தக் காற்றுகளின்கீழ் ஓடும் நீரோட்டத்தை நீவாடு என்றும், அதிலே வாநீவாடு, சோநீவாடு என்றும் பிரித்துச் சொல்வது கரையைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்? உலகம் எடுத்துப்போன ஒரு சொல்லுக்காக இவ்வளவு பெருமைப்படும் நாம், அதன் கூடப் பிறந்த நூறு சொற்களைக் கேட்பாரற்றுக் கிடக்க விட்டிருக்கிறோம்.

ஆகவே இந்த ஊரிடம் ஒரு வேண்டுகோள். 1977 முதல் இங்கே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பழைய துறைமுகத்தில் தோணிகள் இன்னும் சரக்கேற்றுகின்றன. தெற்கே சில மைல் போனால் மரம் செதுக்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். வேம்பாற்றிலிருந்து கூடங்குளம்வரை ஊர் ஊராகப் போய், மரத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் என்ன பெயர், எந்த மரம், எத்தனை முழம், முடிச்சு எந்த வகை, எந்த அலையில் எந்தப் பக்கம் ஆள் உட்கார வேண்டும் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு குரலாகவும் படமாகவும் பதிவு செய்யுங்கள். ஓர் ஊரின் சொல்லை அடுத்த ஊரின் சொல்லோடு கலந்து ‘சரியான’ வடிவம் ஒன்றைத் தேட வேண்டாம், வேறுபாடுகளும் செய்தியே. இரட்டை உடல் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வரும் நாளில், அதற்குத் தமிழில் பெயர் எழுத வேண்டியவர்கள் சங்காடம் என்ற பழைய சொல்லை எடுத்துப் பார்க்கட்டும். பொருள் பொருந்துகிறது, உச்சரிக்கவும் எளிது. கட்டுமரம் என்ற பெயரை மரத்துக்கே விட்டுவிடுவோம்.